நிமிர்த்தி வளைத்த ஆணிகள்

சுங்கைப் பட்டாணியில் இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. என் மகன் வீட்டுக்கு எதிரிலேயே எட்டு மாடி. தினமும் காலையில் காப்பித் தம்ளரோடு வாசலில் நின்று அதை அண்ணாந்து பார்ப்பேன். மாடிகளை எண்ணுவதற்காக இல்லை. கண்ணேறு படாமல் இருக்க எங்கேயாவது ஒரு பொம்மை கட்டியிருக்கிறார்களா என்று தேடுவேன். நம் ஆள் ஒருவராவது வேலை செய்கிற கட்டடமாக இருந்தால் பொம்மை இல்லாமல் இருக்காது. போன வாரம் நாலாவது மாடிச் சாரத்தில் கண்டுபிடித்தும் விட்டேன். சாக்குத் துணியில் உடம்பு, கரியால் மீசை, தலையில் மஞ்சள் தொப்பி. பொம்மைக்குத் தொப்பி வைப்பதைப் பற்றி எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. கேட்பார் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஜப்பான்காரன் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அதற்கு அடுத்த வருஷம் அதே தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவரைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்ட நேரம் அப்படி. துரை எப்போதோ ஓடிவிட்டிருந்தான். பாலை வாங்க ஆளில்லை. நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி எல்லாரும் மரவள்ளி நட்டு, காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்கு அதே கிழங்கை வேறு விதமாக நறுக்கிச் சாப்பிட்டோம். கல்யாணத்துக்குக் கட்டிய சேலையைத் தவிர என்னிடம் முழுசாக ஒரு துணி கிடையாது. அதை மடித்து வைத்துவிட்டு, அரிசி மூட்டைச் சாக்கைப் பாவாடையாகத் தைத்துக் கட்டியிருந்தேன். உட்காரும்போது அது தனியாக நிற்கும் என்று அவர் கேலி செய்வார்.

பசியைக்கூடச் சமாளித்துவிடலாம் போலிருந்தது. லோரியைத்தான் சமாளிக்க முடியவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று முதலில் ஆசை காட்டிக் கூப்பிட்டார்கள். மூணே மாசம், அரிசி உண்டு, துணி உண்டு என்றார்கள். என் அண்ணன் அந்த முதல் லோரியில் சிரித்துக்கொண்டே ஏறினான். தங்கச்சிக்கு ஒரு சேலை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். மூன்று மாதம் போய் ஐந்து மாதம் ஆகியும் ஒரு சேதி இல்லை. பிறகு ஆசை காட்டுவதை விட்டுவிட்டார்கள். லோரி வரும், இளவட்டமாக யார் கண்ணில் பட்டாலும் ஏற்றிக்கொண்டு போகும். புதுப் பெண்டாட்டி என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.

அப்போதுதான் டவுனில் வேலை இருப்பதாகச் சேதி வந்தது. சண்டை தொடங்கிய நாட்களில் குண்டு விழுந்தும், பிறகு கொள்ளையர் கொளுத்தியும் எரிந்துபோன கடை வரிசை ஒன்று சுங்கைப் பட்டாணியில் கிடந்தது. அந்த இடத்தில் ஜப்பான்காரர்கள் புதுப் பசார், அதாவது சந்தை, கட்டுகிறார்களாம். அதில் வேலை செய்கிற ஆண்களுக்குக் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுக்கிறார்கள், அதில் சிவப்பு முத்திரை இருக்கும், அதைக் கட்டியவனை லோரி தொடாது என்றார்கள். மறுநாள் விடிந்ததும் ஒரு சட்டி, ஒரு பாய், மடித்து வைத்த சேலை, இவற்றோடு இரண்டு பேரும் நடந்தே போய்ச் சேர்ந்தோம்.

அந்தக் காலத்து டவுனை இப்போதிருப்பவர்களுக்குச் சொல்லி விளங்க வைப்பது கஷ்டம். ஊரே பட்டினி, ஆனால் ஊர் பெருத்துக்கொண்டே இருந்தது. தோட்டங்களில் பிழைக்க வழியில்லாமல் பீடோங்கிலிருந்தும் லூனாஸ் பக்கமிருந்தும் சனங்கள் வந்தபடி இருந்தார்கள். ஆற்றோரம் அத்தாப்பு ஓலைக் குடிசைகள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டிக்கொண்டு முளைத்தன. இன்னொரு பக்கம் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டி அளந்துகொண்டே இருந்தார்கள். இங்கே பசார், இங்கிருந்து ஸ்டேஷன் வரைக்கும் நேர்கோடாக ஜாலான் என்று ஒரு ரோடு, அதன் ஓரத்தில் ஆள் ஆழத்துக்கு வடிகால். கயிறு போகிற வழியில் குடிசை இருந்தால் குடிசை போகும். கட்டட வேலையைப் பார்த்துக்கொண்ட ஜப்பான் அதிகாரி எப்போது வந்தாலும் கக்கத்தில் ஒரு படம் சுருட்டி வைத்திருப்பார். வரப்போகிற டவுன் முழுக்க அதற்குள் இருப்பதாகச் சொன்னார்கள்.

புது டவுன் என்று பெயர்தானே தவிர, அதில் புதுசாக ஒரு பொருள்கூட இல்லை. செங்கல் எல்லாம் எரிந்த கடைகளிலிருந்தும் துரைமார் பங்களாக்களிலிருந்தும் பெயர்த்தது. சிமென்ட்டைக் கண்ணால் காண முடியாது. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் குழைத்தார்கள். கூரைத் தகரம் தோட்டங்களின் புகைக்கூடங்களிலிருந்து வந்தது. ஒருநாள் வந்து இறங்கிய தகரத்தில் எங்கள் தோட்டத்துப் புகை வாடை அடித்தது. பால் ஷீட்டு காயப்போட்ட வாடை. நான் பக்கத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்தேன். அதற்காக அழவில்லை. அழுவதற்கு அதைவிடப் பெரிய காரியங்கள் இருந்தன.

பெண்களுக்குப் பழைய செங்கல்லில் ஒட்டிய காரையைக் கொத்தி எடுக்கும் வேலை. முதல் நாள் நான் கொத்திய வேகத்தில் நாலு செங்கல் இரண்டாகப் போயிற்று. தலைமைக் கொத்தனார் வந்து நின்று பார்த்தார். சண்டைக்கு முன்பே கோயில் மதிலெல்லாம் கட்டிய கை அவருக்கு. நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

"ஒனக்குக் கோவம் சாஸ்தி போலருக்கு, தங்கச்சி. செங்கல் தாங்காது. ஆணிய அடி," என்றார்.

அப்படித்தான் ஆணிக்காரி ஆனேன். எரிந்த உத்தரங்களிலிருந்தும் பெயர்த்த பலகைகளிலிருந்தும் பிடுங்கிய ஆணிகள் வளைந்து நெளிந்து வாளி வாளியாக வரும். தண்டவாளத் துண்டு ஒன்றைத் தரையில் போட்டு, அதன் மேல் ஒவ்வொரு ஆணியாக உருட்டி உருட்டிச் சுத்தியால் தட்டி நிமிர்த்த வேண்டும். பலமாக அடித்தால் தலை தெறித்துவிடும். மெல்ல அடித்தால் முதுகு நிமிராது. தீயில் வெந்த இரும்பு வேறு. நாலு தடவை வளைந்தால் தாங்கும், ஐந்தாவது தடவை ஒடியும் என்பது அங்கே வேலை செய்த எல்லாருக்கும் தெரியும். நாள் முழுக்க உட்கார்ந்து தட்டினால் சாயங்காலம் ஒரு டப்பா நிறையும். தச்சர்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

என் வீட்டுக்காரருக்கு முதலில் மண் சுமக்கும் வேலைதான். இரண்டாம் வாரம் ஒரு கொத்தர் காய்ச்சலில் படுக்க, அண்ணன் இவர் கையில் கரண்டியைக் கொடுத்துப் பார்த்தார். அவ்வளவுதான். பால் மரத்தில் தோல் சீவிய கை, அந்தக் கணக்கு எங்கே கற்றதோ, சுண்ணாம்பை ஒரே இழுப்பில் பரப்பிச் செங்கல்லை வைத்தால் நூல் பிடித்த மாதிரி உட்காரும். இரண்டு மாதத்தில் அண்ணனே பின்பக்கச் சுவர் முழுவதையும் இவர் பொறுப்பில் விட்டார். வேலை முடிந்த பிறகும் நாலடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பார். என்னைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பசார் கட்டி முடிந்தால் பட்டையைக் கழற்றிவிடுவார்கள். பட்டை போனால் லோரி. மற்ற ஆண்கள் தண்ணீர் குடிக்கப் போகிறேன், சுண்ணாம்பு இன்னும் ஆறவில்லை என்று நாளைக் கடத்துகிறார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வெயிலையும் பார்க்காமல் கட்டிக்கொண்டே போகிறார். ஒவ்வொரு வரிசை ஏறும்போதும் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று விரல் விட்டு எண்ணுவேன்.

வேலை இடத்துக்குப் பின்னால் கூலிகளுக்கென்று நீளமாக ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். கொங்சி என்போம். சாக்குத் திரையால் தடுத்த ஒரு மூலைதான் எங்கள் வீடு. அங்கே ஒரு சாயங்காலம் கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டேன்.

"கொஞ்சம் மெதுவாத்தான் கட்டுங்களேன்."

"ஏன்?"

"சொவரு முடிஞ்சா பட்டையைக் கழட்டிருவானுங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"அதுக்காகக் கோணலாக் கட்டச் சொல்றியா?"

"கோணலாக் கட்டச் சொல்லல. மெதுவாக் கட்டச் சொல்றேன்."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். சுண்ணாம்பு தின்று தோல் வெடித்திருந்தது.

"கைக்கு மெதுவா வரல, புள்ள. பொறந்ததுலருந்து மொத மொதல்ல ஒரு வேல எனக்கு வருது," என்றார்.

"ஒங்க கைக்கு வர்றது என் கழுத்துக்கு வருது," என்று தாலியைத் தொட்டுக் காட்டினேன். அவர் தட்டில் கிழங்கைக் கொஞ்சம் வேகமாகவே போட்டேன்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இவர் கையை நிறுத்த முடியாது, என் கையை நிறுத்தலாம். சுவர் எழும்பினால் மட்டும் கட்டடம் ஆகிவிடுமா? கூரை வேண்டும். கூரைக்குத் தகரம் இருக்கிறது. தகரத்துக்கு ஆணி வேண்டும். ஆணி என்னிடம்தான் இருக்கிறது.

மறுநாளிலிருந்து, நிமிர்த்திய ஆணிகளில் நாலில் ஒன்றை எடுத்து, தண்டவாளத் துண்டின் ஓட்டைக்குள் நுழைத்துத் திரும்ப வளைப்பேன். மத்தியானம் எல்லாரும் கிழங்கு தின்னப் போகும்போது அவற்றை இடுப்புச் சாக்கில் முடிந்துகொண்டு வந்து, கொங்சியில் அடுப்புக் கல்லுக்குப் பின்னால் புதைத்து வைத்திருந்த பிஸ்கட் டின்னில் போடுவேன். தச்சர்கள் ஆணி போதவில்லை என்று கத்துவார்கள். "வர்றதே மக்குன இரும்பு, நான் என்ன பண்ணுவேன்?" என்று நான் அவர்களைவிடச் சத்தமாகக் கத்துவேன். வாய் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது பொய்யில்லை. வளைத்ததை இவரிடம் சொல்லவில்லை. இவர் வேலைக்குத் துரோகம் செய்கிற மாதிரி ஒரு கூச்சம். ஆனால் நிறுத்தவும் இல்லை. டின் மெல்ல நிறைந்தது.

சுவர் தலைக்கு மேல் எழும்பியதும் அண்ணன் பொம்மை கட்டச் சொன்னார். கட்டடம் ஏற ஏறப் பார்க்கிறவன் கண்ணும் ஏறும். அந்தப் பார்வையை இழுத்துக்கொள்ள விகாரமாக ஒன்று முன்னால் தொங்க வேண்டும். வேலை முடிகிற அன்றைக்குத்தான் அதை இறக்குவது வழக்கம். பாதியில் இறக்கினால் ஆகாது. பெண்கள் சேர்ந்து லாலான் புல்லைச் சாக்கில் திணித்து உடம்பு செய்தோம். நாக்கு வெளியே தள்ளின மாதிரி சிவப்பு மண்ணைக் குழைத்து அப்பினோம். ஆனால் போட்டுவிடச் சட்டை இல்லை. உயிரோடு இருக்கிறவனுக்கே சட்டை இல்லாத காலம். வெறும் சாக்கைத் தொங்கவிட்டால் அதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? எங்கள் எல்லாரையும் போலத்தானே அதுவும் இருக்கும்!

பட்டாள முகாமுக்குப் பின்னால் குப்பைமேட்டில் ஆணிப் பலகை பொறுக்கப் போனபோது ஒரு தொப்பி கிடைத்தது. ஜப்பான் சிப்பாய் போடுகிறதுதான், கழுத்துக்குப் பின்னால் துணி தொங்குமே, அது. ஒரு பக்கம் கருகியிருந்தது. எனக்கு அப்போது தோன்றியதை அப்படியே சொல்கிறேன். கண்ணேறு பயந்து ஓட வேண்டுமானால் பயங்கரமான ஒன்று வேண்டும். இந்த ஊரில் இந்தத் தொப்பியைவிட எதைக் கண்டு சனங்கள் பயப்படுகிறார்கள்? கொண்டுவந்து பொம்மைக்கு மாட்டினேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் மட்டும் கொஞ்சம் யோசித்தார்.

"பின்பக்கமாத் தொங்க விடு, தங்கச்சி. அதிகாரி எப்பவும் முன்பக்கமா வந்து முன்பக்கமாத்தான் போவாரு," என்றார்.

அதன்படி என் வீட்டுக்காரர் கட்டிய சுவருக்கு மேலேயே, சாரக் கம்பில் கட்டினேன். காற்றில் அந்தக் கழுத்துத் துணி ஆடும்போது எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு மாதம் போல எல்லாம் சரியாகத்தான் போயிற்று. கூரையில் முன்பக்கமும் நடுப்பக்கமும் தகரம் ஏறிவிட்டது. பின்பக்கத்துக்கு ஆணி போதாமல், வரும்வரை தாங்கட்டும் என்று தகரத்தை ரோத்தான் பிரம்பால் கட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் முன்பக்கத்து ரோட்டை வடிகாலுக்காக வெட்டிப்போட்டார்கள். வெட்டினவர்கள் வெட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் அதிகாரியின் கார் முன்பக்கம் வர வழியில்லாமல் பின்பக்கமாக வந்து நின்றது.

எல்லாரும் குனிந்து வணங்கினோம். வழக்கமாக அவர் ஒரு தலையசைப்போடு உள்ளே போவார். அன்றைக்குப் பூட்ஸ் சத்தம் நகரவில்லை. நான் குனிந்தபடியே கண்ணை உயர்த்திப் பார்த்தேன். அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்பு நாக்கைத் தள்ளிக்கொண்டு, கரி மீசையோடு, அவர் தலையில் இருந்த அதே மாதிரித் தொப்பியோடு என் பொம்மை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் கத்தியது ஒன்றும் புரியவில்லை, பக்கேரோ என்ற ஒரு வசவைத் தவிர. கூட வந்த கிராணி நம் ஆள்தான். ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதியவர், ஜப்பான் பாஷை படித்து மொழிபெயர்க்க வந்தவர். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"இத வச்சது யாருன்னு கேக்குறாரு."

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து குதித்து வந்து நின்றார்.

"நாந்தான்," என்றார்.

பொய் சொல்லத் தெரியாத மனுஷர். கிழங்கு வெந்துவிட்டதா என்று கேட்டால்கூட உள்ளதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறவர். எனக்காக அன்றைக்கு ஒரு பொய் சொன்னார். அதற்கு இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி அறை விழுந்தது. விழுந்த பிறகும் குனிந்து வணங்கிவிட்டு நேராக நின்றார். நான் அங்கே என் சுத்தியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும்.

அண்ணன் கைகட்டிக்கொண்டு முன்னால் போனார். இது கேலி இல்லை, கட்டடத்துக்குக் காவல், வேலை முடிகிற அன்றைக்கு இறக்கிவிடுவோம், அதுவரை தொடக்கூடாது, இது எங்கள் ஆட்களின் வழக்கம் என்று சொன்னார். கிராணி தட்டுத்தடுமாறி அதை ஜப்பானில் சொன்னார். அதிகாரி கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு அமைதியாக ஏதோ சொன்னார். கத்தியதைவிட அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

"இப்பவே எறக்கணுமாம்," என்றார் கிராணி. "எறக்குனா வேல முடிஞ்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப இன்னியோட முடிஞ்சுதாம். பட்டையெல்லாம் கழட்டிக் குடுத்துருங்க. நாளக் கழிச்சுக் காலையில ஸ்டேஷன் தெடலுக்கு லோரி வரும்."

அண்ணன் பின்பக்கக் கூரையைக் காட்டி என்னவோ சொல்ல வந்தார். கிராணி கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தடுத்தார். "வேணாம்ணே. இன்னிக்கு அவருகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க." பதினொரு ஆண்கள் பதினொரு பட்டையை அவிழ்த்து ஒரு மரப்பெட்டியில் போட்டார்கள். பொம்மையை நான்தான் இறக்கினேன். கட்டடத்தைக் காக்க வைத்த பொம்மையால்தான் கட்டடம் முடிந்துபோயிற்று. தொப்பி வைத்தவள் நான்.

அன்று சாயங்காலம் அவர் கன்னத்துக்கு ஈரத் துணி வைத்தேன். இடது கண் பாதி மூடிக்கொண்டிருந்தது. வாய்விட்டு அழுதேன். "என்னாலதான், அந்தப் பாழாப்போன தொப்பி," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"நல்ல தொப்பிதான், புள்ள. நல்லாருந்ததாலதான் அந்த ஆளுக்கு எரிஞ்சுது," என்றார். சிரிக்கப் பார்த்து வலியில் நிறுத்திக்கொண்டார். துணியைத் திருப்பி வைத்துக்கொண்டு, "பின்சொவத்துக்குப் பூச்சு பூசல. அதான் மனசு கேக்கல," என்றார். ஈரத் துணியை அவர் மடியில் விட்டெறிந்துவிட்டு வெளியே போய் நின்றேன். நாளை மறுநாள் லோரி ஏறப்போகிற மனுஷருக்குக் கவலை சுவரைப் பற்றி. எனக்கு அவர் மேல் அத்தனை ஆசை. அதை அவரிடம் சொல்லத் தெரியாமல்தான் எல்லாவற்றையும் எறிந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் ஓடிப்போய்விடலாமா என்று பேசிக்கொண்டோம். எங்கே ஓடுவது? கையில் பட்டை இல்லாதவன் எந்த ரோட்டில் நடந்தாலும் லோரிக்குச் சொந்தம். மத்தியானத்துக்கு மேல் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. காற்று எழும்பிய வேகத்தில் கொங்சியின் அத்தாப்பு பிய்ந்து பறந்தது. அதன் பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. பசாரின் பின்பக்கக் கூரை கடகடவென்று அடித்துக்கொண்டது. ரோத்தான் ஒவ்வொன்றாக அறுந்தது. தகரங்கள் எழும்பி, மழைக்குள் திரும்பித் திரும்பிப் பறந்தன. ஒன்று வடிகாலைத் தாண்டி அதிகாரியின் ஆபீஸ் வாசலிலேயே போய் விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. நாங்கள் மழையில் நனைந்துகொண்டு வாயைப் பிளந்து பார்த்தபடி நின்றோம். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லாச் சாமிக்கும் பொதுவாகக் கும்பிட்டு வைத்தேன்.

விடிந்ததும், லோரிக்கு முன்னால், அதிகாரி வந்துவிட்டார். பசாரைத் திறந்து வைக்க மேலதிகாரி ஒருவர் வரப்போகிறாராம். கூரையில்லாத பசாரை எப்படிக் காட்டுவது? கிராணி மரப்பெட்டியைத் திறந்தார். பதினொரு பட்டையும் திரும்பக் கைகளில் ஏறின. என் வீட்டுக்காரர் கையில் முடிச்சுப் போட்டது நான். இரண்டு முடிச்சுப் போட்டேன்.

பிறகு அதிகாரி அண்ணனைப் பார்த்து, ஏன் ஆணி அடிக்கவில்லை என்று கேட்டார். ஆணி இல்லை என்றார் அண்ணன். ஏன் இல்லை என்று கேட்டுக்கொண்டே கையை ஓங்கினார். அண்ணனுக்கு என் அப்பா வயது. இரண்டு நாளைக்கு முன்னால் நான் எழுந்திருக்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? அன்றைக்கு எழுந்தேன்.

"இருங்க. ஆணி இருக்கு," என்றேன்.

கொங்சிக்குள் போய் அடுப்புக் கல்லைப் புரட்டி, டின்னைத் தோண்டி எடுத்து வந்து அதிகாரியின் காலடியில் வைத்தேன். எல்லாம் வளைந்தது, நிமிர்த்தாமல் ஒதுக்கியது என்று கிராணியிடம் சொன்னேன். அதிகாரி ஒரு ஆணியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். அவர் ஆணியை டின்னிலேயே போட்டுவிட்டு, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன், அது உண்மைதான். கன்னம் வீங்கிக் கண் மூடியிருப்பவன் கூரை ஏற லாயக்கில்லை, அவனையும் இவளோடு உட்காரச் சொல் என்று உத்தரவிட்டுவிட்டுப் போனார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களைத் தவிக்க விடுவது எனக்குப் பிடிக்காது. என் வீட்டுக்காரர் சயாமுக்குப் போகவில்லை. கூரைக்குப் பிறகு வடிகால், வடிகாலுக்குப் பிறகு ஸ்டேஷன் ஜாலான் என்று அந்தப் பட்டை சண்டை முடியும்வரை கையிலேயே இருந்தது. பிறகு நாற்பது வருஷம் இதே டவுனில் சுவர் கட்டினார். கூடப் பிறந்த என் அண்ணன் திரும்பி வரவில்லை. அன்று காலை வந்த லோரியும் வெறுமனே போகவில்லை. பதினொரு பேருக்குப் பதிலாக வேறு பதினொரு பேரை எங்கிருந்தோ ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கும். அவர்களுக்கும் யாரோ ஈரத் துணி வைத்திருப்பார்கள். இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

அன்று காலை நாங்கள் இரண்டு பேரும் தண்டவாளத் துண்டுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். அவருக்கு ஆணி வேலை புதிது. ஒரு ஆணியை எடுத்து ஒற்றைக் கண்ணால் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். தடவிப் பார்த்தார். பலகையிலிருந்து பிடுங்கிய ஆணியில் வளைவு மட்டும்தான் இருக்கும். இதிலோ வளைவுக்குக் கீழே என் சுத்தி தட்டிய தட்டைத் தழும்புகள் வரிசையாக இருந்தன. அவர் இன்னொன்றை எடுத்தார். அதிலும் இருந்தது. மூன்றாவதை எடுத்தார். டின்னை ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு தட்டினேன். இவர் கட்டிய சுவருக்கு மேல் கூரை ஏறாமல் இத்தனை நாள் தடுத்தவள் நான்தான் என்று தெரிந்துவிட்டது. திட்டட்டும், பட்டை கையில் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று காத்திருந்தேன். ஸ்டேஷன் பக்கமிருந்து லோரி வந்தது. அதில் நின்றுகொண்டிருந்தவர்களின் தலைகள் தெரிந்தன. எங்களைக் கடந்து போகும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கிய பிறகு, நான் அப்போதுதான் நிமிர்த்தி வைத்திருந்த ஆணி ஒன்றை எடுத்தார். தண்டவாளத் துண்டின் ஓட்டைக்குள் நுழைத்தார். ஒரு கோணல் இல்லாமல் சுவர் கட்டிய அதே கையால் அதை மெதுவாக, மிக மெதுவாக வளைத்தார்.

"இதோட எத்தன தடவ?" என்று கேட்டார்.

"மூணு," என்றேன்.

"அப்ப இன்னும் ஒரு தடவ தாங்கும்," என்று சொல்லி அதை என் மடியில் போட்டார்.